சம்பளச் சீட்டும் சேமலாப நிதியும்: மாறிக்கொண்டே இருக்கும் தரவை எப்படிக் கணக்கிடுவது?

பொகவந்தலாவையில் ஒரு லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அக்கா ஒருவர் பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை என் முன்னால் வைத்தார். அதற்குள் பல வருடச் சம்பளச் சீட்டுகள் இருந்தன. சில மங்கிப்போயிருந்தன, சில எண்ணெய் பிடித்திருந்தன. "தம்பி, ஈபிஎப் காசு சரியா போயிருக்கானு பாத்துச் சொல்லுங்க" என்றார். ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சீட்டுகளைப் படம் பிடித்து, எண்களைக் கோப்பில் ஏற்றி, கணக்கிடச் சிறியதொரு நிரலும் எழுதினேன். அந்த நிரல் மூன்று முறை பொய் சொன்னது. அதன் காரணத்தைத் தேடியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன். இவை மலையகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று, போரில் ஆவணங்களையும் இழந்த குடும்பங்களுக்கும் இவை தேவைப்படும்.

ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் தரவு

தோட்டத்துக் கணக்கு காலைப் பிரட்டில் தொடங்குகிறது. தோட்டத்துக்குள் டிவிசன், டிவிசனுக்குள் கங்காணியின் ஆட்கள், ஒவ்வொரு ஆளுக்கும் நாட்கள், ஒவ்வொரு நாளுக்கும் பேர், அரைப்பேர், கொழுந்து கிலோ. இவையெல்லாம் செக்ரோலில் பதியப்பட்டு மாத முடிவில் ஒரு சீட்டாகச் சுருங்குகின்றன. அந்தச் சீட்டுக்குள்ளும் அடுக்கு உண்டு. மொத்தச் சம்பளத்துக்குள் அடிப்படைச் சம்பளமும் கொடுப்பனவுகளும், கழிவுகளுக்குள் சேமலாப நிதி, சந்தா, முற்பணம் என்று வரும்.

இந்த அடுக்கின் மேல் ஓடும் கணக்கு எளிமையானது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் இன்று தொழிலாளி 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநர் தனியாக 3 வீதம் செலுத்துவார். இந்த வீதங்களை எந்த வீதத்தில் பெருக்குவது என்பதில் சிக்கல் இல்லை. எதன் மீது பெருக்குவது என்பதில்தான் சிக்கல். அந்த 'எது' என்பதன் வடிவம் அடிக்கடி மாறுகிறது.

முதல் பொய்: எல்லாவற்றையும் கூட்டியது

2016 கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளம் 730 ரூபா. அதில் அடிப்படை 500, உற்பத்தி ஊக்குவிப்பு 140, வருகை ஊக்குவிப்பு 60, விலைப்பங்கு 30. என் நிரல் 730 முழுவதற்கும் 20 வீதம் கணக்கிட்டு, ஒரு நாளைக்கு 146 ரூபா நிதிக்குப் போயிருக்க வேண்டும் என்றது. சீட்டின்படி போனது 100 ரூபா. இருபது பேர் போட்ட மாதத்துக்கு 920 ரூபா குறைவு. தோட்ட நிர்வாகம் பணத்தை மறைத்துவிட்டது என்று எழுத இருந்தேன்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கீழ் சேமலாப நிதி 500 ரூபா அடிப்படைக்கு மட்டுமே உரியது. கணக்குப் பார்த்தவர் தவறு செய்யவில்லை. நாட்சம்பளத்தில் 230 ரூபா ஓய்வுகாலச் சேமிப்புக்கு வெளியே நின்றதற்குக் காரணம் ஒப்பந்தத்தின் அமைப்பு. கேள்வி கேட்க வேண்டிய இடத்தையே என் நிரல் தவறாகக் காட்டியிருந்தது.

இரண்டாவது பொய்: இல்லாததைப் பூச்சியம் என்றது

2019இல் வடிவம் மாறியது. அடிப்படை 700, விலைப்பங்கு 50 என்றாகி, வருகை, உற்பத்தி ஊக்குவிப்புகள் எடுக்கப்பட்டன. என் நிரல் 'வருகை' என்ற வரியைத் தேடியது. கிடைக்காததால் பூச்சியம் என்று நிரப்பிக்கொண்டது. போதிய நாட்கள் வேலைக்கு வந்தவர்களுக்கே முன்பு அந்தப் பணம் கிடைத்தது. ஆகவே 2019இல் அந்த லயத்தில் ஒருவர்கூட ஒழுங்காக வேலைக்குப் போகவில்லை என்று அட்டவணை காட்டியது! 'பூச்சியம்' வேறு, 'அந்த வரியே இல்லை' வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் உழைத்தவர் சோம்பேறி ஆகிவிடுவார்.

வடிவம் அதோடு நிற்கவில்லை. 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாக 900 அடிப்படையும் 100 வரவுசெலவுத்திட்ட நிவாரணப்படியுமாக 1000 ரூபா வந்தது. 2024இல் அடிப்படை 1350 ஆனது.

மூன்றாவது பொய்: ஒருவரை இருவராக்கியது

2016 முதல் தேசிய அடையாள அட்டை எண் 12 இலக்கமாக மாறியது. அதற்கு முன் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. பழைய எண்ணின் முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய எண் வரும். இதைச் சொல்லிக்கொடுக்காததால் என் நிரல் அக்காவை இருவராகப் பிரித்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வாட்ஸ்அப்பில் அதே சீட்டின் படத்தை மீண்டும் அனுப்பியபோது ஒரு மாதத்தை இருமுறையும் கூட்டியது.

தோட்டங்களில் இந்தச் சிக்கல் பழையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதே ஆள் அதே மலையில் கொழுந்து எடுத்தாலும் தொழில் தருநர் மாறியிருப்பார். சேமலாப நிதியில் ஒருவரை அடையாளம் காண்பது தொழில் தருநர் எண்ணும் உறுப்பினர் எண்ணும் சேர்ந்துதான். இவற்றோடு பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்பதும் சேர்ந்தால் ஒருவரின் உழைப்பு பல துண்டுகளாகிவிடும்.

நம்பத்தக்க நடைமுறை

திருத்தி எழுதியபோது ஐந்து விதிகளை வைத்துக்கொண்டேன். கணினி இல்லாமல் கொப்பியில் எழுதுபவருக்கும் இவை பொருந்தும்.

1. கணக்கிடும் முன் சீட்டின் திகதியைப் பார்த்து, அது எந்த ஒப்பந்தக் காலத்துக்கு உரியது என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொரு காலத்துக்கும் தனி விதி.

2. தெரியாத வரி வந்தாலும் எதிர்பார்த்த வரி வராவிட்டாலும் கணக்கு நிற்க வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது.

3. தொழில் தருநர் எண், உறுப்பினர் எண், மாதம் மூன்றும் சேர்ந்து ஒரு சாவி. அதே சாவி மீண்டும் வந்தால் கூட்டக் கூடாது. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வர வேண்டும்.

4. பழையதை அழித்து எழுதக் கூடாது. பெயர் மாறினால் பழைய பெயரையும் மாறிய திகதியையும் வைத்திருக்க வேண்டும்.

5. புதிய விதியை முதலில் கையால் கணக்கிட்ட சில சீட்டுகளில் சோதிக்க வேண்டும். அரைப்பேர் விழுந்த மாதம், பிரசவ விடுமுறை எடுத்த மாதம் போன்ற சிக்கலான மாதங்களை அதற்கு எடுத்துக்கொள்வது நல்லது.

இப்படி ஓட்டியபோது, சீட்டில் கழிக்கப்பட்டும் நிதியின் மீதிக் கூற்றில் காணப்படாத மாதங்களாக இரண்டு மட்டுமே மிஞ்சின. முதலில் என் நிரல் காட்டிய பெரிய குற்றச்சாட்டோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் இதற்குக் கையில் சான்று இருக்கிறது. அந்த இரண்டு சீட்டுகளையும் பிரதி எடுத்துத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கும்படி அக்காவிடம் சொன்னேன்.

தகரத்தின் அடியில் இன்னொரு சீட்டும் இருந்தது. 77க்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கேயே இறந்துபோன அவரது பெரியப்பாவுடையது. உறுப்பினர் எண் இன்னும் படிக்கக்கூடியதாக இருந்தது. உறுப்பினர் இறந்தால் அவர் பெயர் குறித்தவரோ சட்டப்படியான உரித்தாளரோ நிதியைக் கோரலாம். அவரது பிள்ளைகளின் கடதாசிகள் எல்லாம் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. வன்னியில் தொலைந்த ஆவணத்தின் மறுபாதி மலையகத்தில் உறவினர் வீட்டுத் தகரம் ஒன்றில் கிடக்கலாம். கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் முதலில் அந்த இரு எண்களையும் எழுதி வையுங்கள்.

அக்கா அந்தச் சீட்டைத் தனியாக ஒரு பொலித்தீன் பையில் சுற்றினார். "அண்ணன் மகளுக்கு இன்னிக்கே போன் போட்டுச் சொல்லணும்" என்றார்.