116ஆம் தாளின் பின்பக்கம்: கலிலியோவின் சோதனைகள் குறித்து கொய்ரேக்கு ஒரு மறுப்பு

கலிலியோ சாய்தளச் சோதனையை உண்மையிலேயே செய்தாரா? செய்திருந்தாலும் அதனால் அவர் எதையும் கற்றிருக்க முடியாது என்பதே அறிவியல் வரலாற்றாசிரியர் அலெக்சாந்தர் கொய்ரேயின் விடை. 1939ஆம் ஆண்டைத் தாங்கிய 'கலிலியோ ஆய்வுகள்' நூலிலும், 1943இல் கலிலியோவையும் பிளேட்டோவையும் இணைத்து எழுதிய கட்டுரையிலும், 1953இல் அளவீட்டைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் அவர் இதை வெவ்வேறு கோணங்களில் நிறுவ முயன்றார். புதிய இயற்பியல் பிறந்தது கணிதச் சிந்தனையில். சோதனை என்று கலிலியோ விவரிப்பவை பெரும்பாலும் மனத்துக்குள் நடந்தவை. எஞ்சியவை முன்பே கண்ட முடிவுக்கு அலங்காரம். தாமஸ் கூன் 1962இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலின் முன்னுரையில் கொய்ரேக்குத் தாம் பட்ட கடனைச் சொல்கிறார். கோட்பாடு முந்தியது, தரவு பிந்தியது என்று இன்று சமூக அறிவியல் வகுப்பறைவரை சொல்லப்படும் கருத்துக்குக் கொய்ரே வரைந்த கலிலியோவும் ஒரு தூண். அந்தத் தூண் நிற்கும் தரையைச் சோதிப்பதே இக்கட்டுரையின் வேலை.

கொய்ரேயின் வாதத்தில் வலுவான பகுதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1638இல் லைடனில் அச்சான 'இரு புதிய அறிவியல்கள்' நூல், சோதனையை விரிவாகவே சொல்கிறது: ஏறத்தாழ 12 முழ நீளம், அரை முழ அகலம், மூன்று விரல் கனமுள்ள மரச்சட்டம், அதில் வெட்டிய பள்ளம், பள்ளத்துக்குள் வழவழப்பான தோல்தாள், வெண்கல உருண்டை, நேரத்தை அளக்கப் பாத்திரத்திலிருந்து வடியும் நீரின் எடை. நூறு முறை செய்தும் நாடித்துடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வேறுபடவில்லை என்கிறது நூல். ஆனால் அளந்த எண் ஒன்றுகூட அங்கே இல்லை. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் அந்தக் காலத்திலேயே ஐயுற்றார். எண் தராத சோதனையை நம்பாத கொய்ரேமீது குற்றம் காண முடியாது. குற்றம் அடுத்த அடியில் இருக்கிறது. அச்சில் எண் இல்லை என்பதிலிருந்து, எண்ணே இருந்ததில்லை என்றும், இத்தகைய கருவியால் அளக்கவே இயலாது என்றும் அவர் தாவினார். 1961இல் தாமஸ் செட்டில் அதே விவரிப்பின்படி சட்டம், உருண்டை, நீர்ப்பாத்திரம் ஆகியவற்றை அமைத்துச் செய்து பார்த்து, கலிலியோ கூறிய நுண்மை எட்டக்கூடியதே என்று காட்டினார். இயலாது என்ற வாதம் அதோடு முடிந்தது. செய்தாரா என்ற கேள்வி மட்டும் நின்றது.

அதற்கான சான்று ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்தில், கலிலியோ கையெழுத்துத் தொகுதி 72இல், 116ஆம் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. கலிலியோவின் முழுப் படைப்புகளையும் பதிப்பித்த அன்டோனியோ ஃபவாரோ, வாக்கியங்கள் நிறைந்த தாள்களை அச்சேற்றினார். படமும் கணக்கும் மட்டுமாக இருந்த பலவற்றை விட்டுவிட்டார். இத்தாள் அவற்றுள் ஒன்று. அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்டில்மன் டிரேக் 1973இல் இதை வெளியிட்டபோது கொய்ரே இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாளில் ஒரு செங்குத்துக் கோடு; அதன் கீழிருந்து விரியும் வளைகோடுகள்; மேசையின் உயரம் 828 புள்ளி என்ற குறிப்பு. புள்ளி என்பது கலிலியோவின் நீள அலகு; டிரேக்கின் கணிப்பில் ஏறத்தாழ 0.94 மில்லிமீட்டர். அப்படியானால் மேசை சுமார் 78 சென்டிமீட்டர். உட்கார்ந்து எழுதும் சாதாரண மேசைதான். உருண்டை மேசைக்கு மேல் 300 புள்ளி உயரத்திலிருந்து சாய்தளத்தில் இறங்கி மேசை விளிம்பில் தாவி 800 புள்ளி தொலைவில் தரையைத் தொடுகிறது. 600, 800, 828, 1000 உயரங்களுக்குக் கிடைத்த தொலைவுகள் முறையே 1172, 1328, 1340, 1500. முதல் எண்ணுக்குப் பொருந்த வேண்டுமானால் இவை 1131, 1306, 1330, 1460 ஆக இருந்திருக்க வேண்டும் என்று கலிலியோவே பக்கத்தில் கணக்கிட்டு, 41, 22, 10, 40 என வேறுபாடுகளையும் எழுதியிருக்கிறார்.

கணக்குக்கு அடிப்படையான 800 எங்கிருந்து வந்தது? அது முழு எண்ணாக இருப்பதால் கற்பனை என்று ஒருவர் சொல்லக்கூடும். நான் அதை ஏற்கவில்லை. உராய்வின்றி வழுக்கிவரும் பொருளுக்கு, 300 உயரமும் 828 மேசையும் தரும் தொலைவு ஏறத்தாழ 997. உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டு எழுதியவர் அதையல்லவா எழுதியிருப்பார்? உருளும் உருண்டையோ தன் ஆற்றலில் ஒரு பங்கைச் சுழற்சிக்குக் கொடுத்துவிடுகிறது. அதன் தொலைவு வழுக்கும் பொருளினதில் சுமார் 84.5 விழுக்காடுதான், பள்ளத்தில் உருண்டால் இன்னும் சற்றுக் குறையும். தாளின் ஐந்து எண்களையும் இப்படி வகுத்துப் பார்த்தால் எல்லாம் ஏறத்தாழ 80க்கும் 83க்கும் இடையில் விழுகின்றன. சுழற்சியின் இந்தப் பங்கைக் கலிலியோ அறிந்திருக்கவில்லை. அவருடைய காலத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. அறியாத ஒன்று அவருடைய எண்களில் பதிந்திருக்கிறது என்றால், அந்த எண்கள் தலைக்குள்ளிருந்து வந்தவை அல்ல. கொய்ரேக்கு எதிராக இதைவிட உறுதியான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதனால் கோட்பாடு இல்லாத வெறும் அளவீடே முதலில் வந்தது என்று டிரேக்கோடு சேர்ந்து சொல்லிவிடவும் தயங்குகிறேன். 1604 அக்டோபர் 16 அன்று பாவ்லோ சார்பிக்கு எழுதிய கடிதத்தில் கலிலியோ, தொலைவு நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற சரியான விதியைச் சொல்லி, அதற்கு வேகம் தொலைவைப் பொறுத்தது என்ற தவறான அடிப்படையைக் காட்டுகிறார். கொய்ரே இதைக் கணித மனம் சறுக்கிய இடமாக விரித்தெழுதினார். நான் இதைத் தலைகீழாகவே வாசிக்கிறேன். தவறான அடிப்படையிலிருந்து சரியான விதி தானாக முளைக்காது. விதி வேறு வழியாக முன்பே கையில் இருந்தது. 107ஆம் தாளின் பின்பக்கத்தில் 33, 130, 298, 526 என்று 2104 வரை செல்லும் எட்டுத் தொலைவுகளின் அருகே 1, 4, 9, 16 என வர்க்க எண்கள் நிற்பது அந்த வழியாக இருக்கலாம். டிரேக் அதை 1604க்கும், 116ஐ 1608க்கும் வைக்கிறார். நீர்க்குறி, மை, எழுத்தின் சாயல் ஆகியவற்றைக் கொண்டு தாள்களை வரிசைப்படுத்தும் முயற்சிகள் தொடர்ந்தாலும் ஆண்டு இன்னும் தீர்க்கப்படவில்லை. 107ஆம் தாள் கடிதத்துக்குப் பிந்தியது என்றால் என் வாதத்தின் இந்தப் பகுதி தளர்ந்துவிடும். 116ஆம் தாளைப் பற்றிச் சொன்னது தளராது.

116ஆம் தாளின் நோக்கத்திலும் உடன்பாடு இல்லை. கிடைத்திசை இயக்கம் குறையாமல் தொடர்கிறது என்பதைச் சோதித்தார் என்றார் டிரேக். ரொனால்டு நெய்லர் போன்றோர் வேறுவிதமாக வாசித்தனர். இந்த எண்கள் 1638இன் நூலுக்குள் ஏன் வரவில்லை? எறிபொருளைப் பேசும் அதன் நான்காம் நாளில் கணக்கிட்ட அட்டவணைகள் உண்டு, அளந்தவை இல்லை. ஐந்து எண்களுக்கு இடையிலான விகிதம் ஏறத்தாழ ஒத்துவந்தும், ஒவ்வொன்றும் தன்னளவில் இருக்க வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்து நிற்பதை அவர் கண்டு, காரணம் புரியாமல் தாளை ஒதுக்கிவைத்தார் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் 997 என்ற எண் இத்தாளில் எங்கும் இல்லை. அவர் அதைக் கணக்கிட்டுப் பார்த்தார் என்று காட்டும் இன்னொரு தாள் கிடைக்கும்வரை இது ஊகமே.