தேரை: காரணமும் சான்றும் – உருப்பிறழ்ந்த தவளைகளும் பழனிமலைச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக நாட்டார் வழக்கில் தேரை பிற உயிர்களின் உடற்குறைக்குக் காரணமாகக் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுறவு தலைகீழானது. தவளையின் உடற்குறை மனிதச் செயலுக்குச் சான்றாக நோக்கப்பட்டது. இவ்விரு பார்வைகளையும் ஒப்பிட்டு, கொடைக்கானல் பாதரச மாசு வரலாற்றில் தவளை பெறத்தக்க இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தேரை, உருப்பிறழ்ச்சி, தலைப்பிரட்டை, பாதரசம், பாம்பார்ச் சோலை, பழனிமலை.

1. தேரை காரணமாதல்

ஓட்டினுள் பருப்புப் பிடிக்காத தேங்காயைத் 'தேரை விழுந்த தேங்காய்' என்பது தமிழர் வழக்கு. உடல் மெலிந்து, வயிறு ஒட்டி, தோல் சுருங்கிய குழந்தையையும் 'தேரை விழுந்த குழந்தை' என்பர். சித்தர் தேரையரின் பெயர்க்காரணமாக வழங்கும் கதையிலும் நோயாளியின் தலைக்குள் புகுந்த தேரையே தீராத் தலைவலிக்குக் காரணம். நீரைக் காட்டி அதனை வெளியே குதிக்கச் செய்ததே மருத்துவம். மூன்றிலும் தேரை குறைபாடு உடையதன்று, குறைபாட்டை உண்டாக்குவது.

இன்றைய வேளாண் அறிவியல் தேங்காயின் குறைக்கு மகரந்தச் சேர்க்கைக் குறைவையும் போரான் முதலிய ஊட்டக் குறைவையும் காரணமாகக் காட்டுகிறது. குழந்தையின் மெலிவு பெரும்பாலும் புரதமும் ஆற்றலும் போதாத உணவால் நேர்வது. ஆகவே நம்பிக்கையின் விளைவு தேரையைப் பழித்ததோடு நிற்கவில்லை. தேரையைச் சுட்டியபோது நிலத்தின் வறுமையும் வீட்டின் பசியும் பார்வையிலிருந்து மறைந்தன. காரணத்தைத் தவறாகக் கொள்வது தீர்வையும் தவறாக்கும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

2. தேரை சான்றாதல்

1995 ஆகஸ்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஹெண்டர்சன் என்னும் ஊரையடுத்த குளத்திற்குச் சென்ற பள்ளி மாணவர்கள், கால் குறைந்தும் மிகுந்தும் வளைந்தும் இருந்த தவளைகளைக் கண்டனர். செய்தி நாடெங்கும் பரவியது. தவளைக்கு நேர்ந்தது தமக்கும் நேருமோ என்னும் அச்சம் மக்களிடம் எழுந்தது. 1997-இல் அம்மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு, அத்தகைய குளங்களின் அருகே கிணற்று நீர் பருகிய குடும்பங்களுக்குப் புட்டியில் அடைத்த குடிநீர் வழங்க முன்வந்தது. தவளையின் உடல் ஓர் அரசின் முடிவைத் தீர்மானித்த தருணம் இது.

பின்வந்த ஆய்வுகள் அவ்வச்சத்தை முழுமையாக ஏற்கவுமில்லை; மறுக்கவுமில்லை. 1999-இல் வெளியான ஆய்வு, ரிபெய்ரோயா என்னும் ஒட்டுண்ணித் தட்டைப்புழு தலைப்பிரட்டையின் கால் முளைக்கும் பகுதியில் புகுவதால் மிகைக்கால்கள் தோன்றுவதை நிறுவியது. இப்புழுவை முதலில் தாங்குவது நத்தை. உரச்சத்துக் கலந்த நீரில் பாசி பெருக, நத்தை பெருகி, புழுவும் பெருகுவதைப் பின்னைய ஆய்வு காட்டியது. கால் இழப்புகள் சிலவற்றுக்குத் தும்பியின் இளவுயிரி கடித்தலே காரணம் என்பதும் தெளிந்தது. நச்சு, ஒட்டுண்ணி, கொன்றுண்ணி ஆகிய மூன்றும் ஒத்த தோற்றத்தை உண்டாக்கக்கூடும். எனவே உருப்பிறழ்ந்த ஒரு தவளை வினாவை எழுப்புமேயன்றி விடை தராது.

3. இந்திய ஆய்வுகள்

இந்தியப் பங்களிப்பு இவ்விவாதத்திற்கு முற்பட்டது. புவனேசுவரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடியும் உடனாய்வாளர்களும் யூபெரோடான் சிஸ்டோமா என்னும் தவளையினத்தின் தலைப்பிரட்டைகளில் வாலை வெட்டி வைட்டமின் 'ஏ' கலந்த நீரில் வளர்த்தனர். வெட்டிய இடத்தில் வாலுக்கு மாறாகக் கால்கள் முளைத்தன. 1992-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த இம்முடிவு, எந்த உறுப்பு எங்கே வளரவேண்டும் என்னும் உடலின் ஒழுங்கை வேதிப்பொருள் மாற்றவல்லது என்பதை மெய்ப்பித்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுப்பகுதியில், கர்நாடகத்தின் வேளாண் நிலங்களில் வாழும் தவளைகளின் உருப்பிறழ்ச்சியைக் குவெம்பு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் பதிவுசெய்தனர். வயலும் தோட்டமும் காடும் அடுத்தடுத்து அமைந்த மலைச்சூழலில் இத்தகைய கணக்கெடுப்பு இயலும் என்பதற்கு அது முன்மாதிரி.

4. கொடைக்கானலின் சான்றுகள்

பழனிமலையில் இவ்வினா பாதரசத்தோடு தொடர்புடையது. 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்த வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அது அமைந்த மேட்டின் கீழே பாம்பார்ச் சோலை உள்ளது. அங்கிருந்து இறங்கும் நீர் கும்பக்கரை வழியாகச் சமவெளியை அடைகிறது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கிடங்கில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளிப்பட, ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. மண்ணைத் தூய்மையாக்க வகுத்த அளவு, அதாவது ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம், போதுமானதா என்னும் விவாதம் அதன் பின்னும் தொடர்ந்தது.

இவ்வழக்கில் உயிரினங்களும் சாட்சிகளாயின. 2003-இல் வெளிவந்த ஆய்வு லைக்கன்களிலும் பாசிகளிலும் படிந்த பாதரசத்தை அளந்தது. 2006-இல் வெளிவந்த ஆய்வு கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றை நோக்கியது. லைக்கன் காற்றின் சான்று. மீன் ஏரியின் சான்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சோலை மண்ணுக்கும் ஓடைக்கும் உரிய சாட்சி தவளையே. உணவுவழிப் பாதரசம் பெற்ற தலைப்பிரட்டைகளில் உருப்பிறழ்ச்சியும் உருமாற்றத் தடையும் நேர்வதை அமெரிக்கத் தவளையினம் ஒன்றில் 2004-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியுள்ளது.

பழனிமலையின் தவளைகள் இதற்கு இயல்பாகவே ஏற்றவை. 2006-இல் கொடைக்கானலிலிருந்து விவரிக்கப்பட்ட ராவ்ஆர்கெஸ்டிஸ் துபுவா புதர்த்தவளை இனத்தைச் சார்ந்தது. இவ்வகைத் தவளைகளுக்கு நீரில் வாழும் தலைப்பிரட்டைப் பருவமில்லை. முட்டைக்குள்ளேயே முழுத்தவளை உருவாகிறது. 2008-இல் விவரிக்கப்பட்ட காட்டிக்ஸாலஸ் ஆஸ்டராப்ஸ் இனத்தின் தலைப்பிரட்டைகளோ ஓடையில் வளர்கின்றன. முன்னதில் காணும் பிறழ்ச்சிக்கு நீரிலுள்ள புழுவையோ தும்பியின் இளவுயிரியையோ காரணமாக்க இயலாது. இரண்டையும் இணைத்து நோக்கினால் நிலத்தின் கேட்டையும் நீரின் கேட்டையும் பிரித்தறிய வழி பிறக்கும்.

5. எண்ணுதலின் இன்றியமையாமை

இயல்பான தவளைக் கூட்டத்திலும் சிறு விழுக்காடு பிறழ்ச்சி இருக்கும். அமெரிக்க வனவிலங்குக் காப்பகங்கள் 152-இல் பத்தாண்டுகள் நடந்த கணக்கெடுப்பில் சராசரி 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. சில இடங்களில் மட்டும் அது செறிந்து காணப்பட்டது. அச்செறிவு புலப்பட்டது இயல்பானவற்றையும் எண்ணியதால்தான். அருங்காட்சியகச் சேகரிப்பு இனத்திற்குரிய மாதிரியைத் தேடுவது. கணக்கெடுப்பு கண்ணிற்பட்ட அனைத்தையும் எண்ணுவது. முன்னது பெயர் தரும். பின்னதே சான்று தரும்.

முடிவுரை

தேரையைக் காரணமாக்கிய மரபு குழந்தையின் பசியை மறைத்தது. எண்ணிக்கையின்றித் தவளையைச் சான்றாக்கும் புதிய பழக்கமும் அதே பிழையை வேறு வடிவில் செய்யக்கூடும். ஒற்றைத் தவளையின் படத்தைக் கொண்டு மாசை நிறுவ முயல்வோர் எதிர்த்தரப்பின் மறுப்புக்கு எளிதில் இடமளிப்பர். பாம்பார்ச் சோலையிலும் மாசு படாத பிற சோலைகளிலும் ஆண்டுதோறும் ஒரே முறையில் தவளைகளை எண்ணிப் பதிவுசெய்வது, தூய்மையாக்கும் பணி உண்மையில் நிறைவுற்றதா என்பதை அளக்கும் கருவியாகும். பல்லாண்டுகள் பழியைச் சுமந்த தேரை, அப்பதிவேட்டில்தான் நம்பத்தக்க சாட்சியாக முடியும்.