திர்ஹம் எழுத்தும் தென்னாட்டு வரலாறும்

வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கி.பி. 849-இல் அளித்த செப்பேட்டில், சாட்சி நின்ற வணிகர்களின் கையொப்பங்கள் கூஃபி எனப்படும் கோண வடிவப் பழைய அரபு எழுத்திலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் அமைந்த பாரசீகத்திலும் காணப்படுகின்றன. கி.பி. 851 அளவில் எழுந்த அரபுப் பயண நூலொன்று, கொல்லத்தில் சீனக் கப்பல்களிடம் 1000 திர்ஹம் சுங்கம் பெறப்பட்டதாகக் குறிக்கிறது. பிற்காலத்தில் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் இந்த வேணாட்டிலிருந்து வளர்ந்த அரசே ஆதலின், திர்ஹம் என்னும் அரபு வெள்ளிக்காசின் எழுத்தைப் படித்தறிவது இக்கரையின் வரலாற்றுக்கு அயலான கலை அன்று.

தொடக்கத்தில் அரபு ஆட்சியாளர்கள் சாசானியப் பாரசீகக் காசுகளின் அமைப்பையே பின்பற்றி, மன்னர் தலையும் தீ மேடையும் உள்ள வெள்ளிக்காசுகளின் ஓரத்தில் இறைநாமத்தை மட்டும் அரபில் சேர்த்து வெளியிட்டனர். உமய்யா கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) பொற்காசிலும், 79-இல் வெள்ளிக்காசிலும் உருவங்களை நீக்கி எழுத்தை மட்டுமே நிறுத்தினார். ஏறத்தாழ 2.9 கிராம் எடையுள்ள இப்புதிய திர்ஹத்தின் முன்புற நடுப்பரப்பில் இறைவன் ஒருவனே என்னும் உறுதிமொழியும், அதைச் சுற்றிய விளிம்பு வட்டத்தில் காசு அடிக்கப்பட்ட ஊரும் ஆண்டும் இடம்பெற்றன. அரசர் பெயர் அதில் இல்லை. எனவே ஆண்டைக் கொண்டே கலீபாவை அறிய வேண்டியிருக்கிறது.

ஆண்டு இலக்கத்தில் இன்றிச் சொல்லில், ஒன்றுகள் முதலாகவும் பத்துகள் அடுத்தும் வருமாறு எழுதப்பட்டதால், படிப்பில் ஒரு பெரிய இடர் எழுகிறது. கூஃபியில் எழுத்துகளைப் பிரிக்கும் புள்ளிகள் பொதுவாக இடப்படாமையால், ஏழைக் குறிக்கும் ஸப்உ என்பதும் ஒன்பதைக் குறிக்கும் திஸ்உ என்பதும், அவ்வாறே எழுபதும் தொண்ணூறும், ஒரே வரிசைப் பற்களாகத் தோன்றுகின்றன. இவ்விடத்தில் ஊர்ப் பெயரே துணைநிற்கிறது: இராக்கிலுள்ள வாஸித் நகரத்தை ஆளுநர் ஹஜ்ஜாஜ் ஹிஜ்ரி 80-களில்தான் கட்டினார் என்பதால், அந்நகரின் உமய்யா திர்ஹத்தில் ஐயத்துக்குரிய பத்துச் சொல் தொண்ணூறாகவே இருக்க முடியும். எழுத்தறிவு மட்டும் போதாது, ஆட்சி வரலாறும் உடன்வர வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. உமய்யாக்களுக்குப் பின் வந்த அப்பாசியர் காலத்தில் பட்டத்து இளவரசர், ஆளுநர், கலீபா ஆகியோரின் பெயர்கள் படிப்படியாகக் காசில் ஏறியபின் இவ்வேலை எளிதாயிற்று.

கேரளத்தின் கோதமங்கலத்தில் கிடைத்த உமய்யா காசுகள் வெள்ளி அல்ல, பொன். திர்ஹத்துக்கு மாறாக, தினார் எனப்பட்ட பொதுவான உமய்யா பொற்காசில் ஆண்டு உண்டு, ஊர் இல்லை. ஆகவே அது அடிக்கப்பட்ட காலத்தைச் சொல்லுமேயன்றிப் புறப்பட்ட இடத்தைச் சொல்லாது. வணிக வழிகளை ஆராய்வோர்க்கு இது பெரும் இழப்பாகும்.

அரபுப் பொறிப்பு தென்னாட்டு அரசியல் வரலாற்றையே திருத்தி அமைத்த இடம் மதுரை. மஃபர் எனப்பட்ட நாட்டை ஆண்ட மதுரைச் சுல்தான்கள் செம்பிலும், வெள்ளியும் செம்பும் கலந்த உலோகத்திலுமே மிகுதியாகக் காசு அடித்தனர். அச்சுல்தானகத்தை நிறுவிய அஹ்சன் ஷாவின் மருமகனும் அந்நாட்டுக்கு நேரில் வந்தவருமான பயணி இப்னு பதூதா தொடக்க கால நிகழ்ச்சிகளைச் சொல்கிறார். பிந்திய சுல்தான்களின் வரிசைக்கோ சி. ஜே. ராட்ஜர்ஸ் 1895-இலும் ஹூல்ட்ஸ் 1909-இலும் ஆராய்ந்த இக்காசுகளே அடிப்படை. ஹிஜ்ரி 735-இல் அஹ்சன் ஷாவின் பெயர் காணப்படுகிறது; 745-க்குப் பின் 757 வரை ஓர் இடைவெளி உள்ளது. விசயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையை வென்ற ஆண்டு வழக்கமாக 1371 என்று சொல்லப்பட்டாலும், மதுரைச் சுல்தான் சிக்கந்தர் ஷாவின் காசுகள் ஹிஜ்ரி 779 வரை, அதாவது கி.பி. 1377-78 வரை தொடர்கின்றன. பெயரும் ஆண்டும் தாங்கிய காசு, அதை வெளியிட்ட அரசு அவ்வாண்டில் உயிரோடு இருந்ததற்கு நேர்ச்சான்று. ஆகையால் கம்பணரின் வெற்றியைச் சுல்தானகத்தின் முடிவாகக் கொள்ளாமல், அது ஓரிடத்தில் சுருங்கி மேலும் சில ஆண்டுகள் நீடித்ததாகக் கொள்வதே பொருந்தும்.