'தள்ளு–இழு': ஒரு வேளாண் கலைச்சொல்லின் வரலாறு

பூச்சியைக் கொல்லாமல் அதன் போக்கை மாற்றுவது வேளாண்மைக்குப் புதிய கருத்தன்று. நிலக்கடலை வயலின் ஓரத்தில் ஆமணக்கை வளர்த்து, புழுக்களை அதன்பால் ஈர்க்கும் முறை தமிழகத்திலும் பரிந்துரைக்கப்படுவதே. ஆனால், விலக்குதலையும் ஈர்த்தலையும் ஒரே வயலில் இணைக்கும் உத்திக்குத் தனிப்பெயர் கிடைத்தது 1987-இல்தான். ஆஸ்திரேலியப் பருத்தி வயல்களில் காய்ப்புழு பூச்சிக்கொல்லிகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவந்த காலம் அது. பைக் என்பவரும் உடன் பணியாற்றியோரும் அவ்வுத்தியை 'தள்ளு–இழு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரால் குறித்தனர்.

1990-இல் வெங்காய ஈயைப் பற்றி ஆராய்ந்த மில்லரும் கௌல்சும் இதே கருத்துக்கு வேறொரு பெயரிட்டனர். 'தூண்டியும் தடுத்தும் திசைதிருப்பல்' என அதனைப் பெயர்க்கலாம். பொருள்திட்பம் மிக்க அத்தொடர் வழக்கில் வேரூன்றவில்லை. இரண்டு ஏவல் வினைகளால் ஆன எளிய பெயரே நிலைத்தது.

அப்பெயரை உலகறியச் செய்தது கென்யா. அங்கு மக்காச்சோளத்தை அழிக்கும் தண்டுத்துளைப்பான்களுள் ஒன்று ஆசியாவிலிருந்து சென்று 1930களில் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட இனம். மற்றொன்று அம்மண்ணுக்கே உரியது. 1990களில் நைரோபியிலுள்ள பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையமும் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் கென்ய வேளாண் ஆய்வு நிறுவனமும் இணைந்து, விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ம்பிட்டாவில் சோதனைகளை நடத்தின. இந்தியாவில் பிறந்த சியாவுர் கானும் ஜான் பிக்கெட்டும் இப்பணியில் முதன்மையானவர்கள். மக்காச்சோள வரிசைகளுக்கிடையே தெஸ்மோடியம் என்னும் பயறுவகைச் செடி மூடுபயிராகப் படர்ந்தது. வயலைச் சுற்றி யானைப்புல் நடப்பட்டது. மூடுபயிரின் மணம் தாய் அந்தைத் தள்ளும், புல்லின் மணம் இழுக்கும் என்பதே விளக்கம். அந்து முட்டையிடும் முன்னிரவிலேயே யானைப்புல்லின் மணம் மிகுகிறது. அப்புல்லில் பொரிக்கும் புழுக்களுள் பெரும்பாலானவை அதன் பிசுபிசுப்பான சாற்றில் சிக்கி மடிகின்றன. வெல்லப்பாகுப் புல் எனப்படும் மற்றொரு ஊடுபயிர் புழுக்களைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை ஈர்ப்பதும் 1997-இல் வெளியிடப்பட்டது.

இச்சோதனைகளின் போக்கில் எதிர்பாராத பயனொன்றும் தெரியவந்தது. மக்காச்சோளத்தின் வேரை உறிஞ்சும் களையான சுடுமல்லி, தெஸ்மோடியம் நின்ற நிலத்தில் ஒடுங்கியது. தெஸ்மோடியத்தின் வேரிலிருந்து கசியும் பொருள்களுள் சில சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டுகின்றன. வேறு சில முளைவேரை வளரவிடாமல் தடுக்கின்றன. நிலத்தில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் விதைத்தொகுதி இவ்வாறு வீணாகிறது. கறவை மாட்டுக்குத் தீவனம் கிடைப்பதும், மண்ணில் தழைச்சத்து சேர்வதும் உழவர் உடனே உணரும் நன்மைகள். இவற்றுள் எதையும் 'தள்ளு–இழு' என்னும் பெயர் சுட்டவில்லை என்பது நோக்கத்தக்கது.

சுவாகிலி மொழியில் இம்முறை 'வூட்டா சுகுமா' என வழங்குகிறது. 'வூட்டா' இழு, 'சுகுமா' தள்ளு. ஆங்கிலத் தொடரின் வரிசை இங்கே தலைகீழாகியுள்ளது. கென்யர் அன்றாடம் உண்ணும் கீரையொன்றுக்கும் 'சுகுமா விக்கி', அதாவது 'வாரத்தைத் தள்ளு' என்று பெயர். காலம் தள்ளுதல் என்னும் தமிழ் வழக்கை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

அண்மையில் இப்பெயரின் முதற்பாதியே ஐயத்திற்கு உள்ளாகியுள்ளது. 2016-இல் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட படைப்புழுவை முன்னிட்டு நடந்த ஆய்வொன்று 2024-இல் வெளியாயிற்று. தெஸ்மோடியம் அந்துகளை விலக்கவில்லை, அதன் கொக்கி போன்ற நுண்மயிர்களே ஊர்ந்துவரும் இளம்புழுக்களைப் பிடித்துக் கொல்கின்றன என்பது அதன் முடிவு. அச்செடி பல ஆவிப்பொருள்களை வெளியிடுவதைக் காட்டும் வயல் ஆய்வுகளும் உள்ளன. ஆகவே வாதம் முடிந்துவிடவில்லை. இது வெறும் சொல் வழக்காகாது. மணமே காரணமெனின் செடிகள் இடைவெளியுடன் நின்றாலும் ஓரளவு பயன் கிட்டலாம். மயிர்களே காரணமெனின் புழு கடந்துசெல்ல வழியில்லாதவாறு மூடுபயிர் நிலத்தை அடைத்துப் படரவேண்டும். விதை வாங்கும் உழவர்க்கு இவ்வேறுபாடு செலவைப் பற்றியது.

2018-இல் படைப்புழு இந்தியாவிலும் கண்டறியப்பட்டு, தமிழக மக்காச்சோள வயல்களையும் தாக்கியது. எனவே இம்முறைக்குத் தமிழ்ப்பெயர் தேவைப்படுகிறது. 'தள்ளு–இழு' என்றே பெயர்த்தால், முடிவுறாத விளக்கமொன்றையும் அப்பெயருடன் ஏற்றுக்கொண்டதாகும். தமிழ் வேளாண் சொற்களில் ஊடுபயிர், வரப்புப்பயிர், மூடுபயிர் போன்றவை செடி நிற்கும் இடத்தையோ நிலையையோ சுட்டுகின்றன. அது எவ்வாறு பயன் தருகிறது என்பதில் அவை தலையிடுவதில்லை. பொறிப்பயிர் என்பது மட்டும் செயலைச் சுட்டுவது. கென்யாவில் வறட்சியைத் தாங்கும் பொருட்டு 2010களில் யானைப்புல்லுக்கு மாற்றாகப் பிராக்கியாரியாப் புல்லும், பழைய தெஸ்மோடியத்திற்கு மாற்றாக அதே பேரினத்தின் வேறோர் இனமும் புகுத்தப்பட்டன. செடிகள் மாறியபோதும் மூடுபயிர் மூடுபயிராகவே நின்றது. ஓரப்புல் ஓரத்திலேயே நின்றது.