வாசலில் ஒரு செப்புத் தகடு

பள்ளிக்கூட நாட்களில் நீங்களும் செய்திருப்பீர்கள். பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் பரபரவென்று தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் பக்கத்தில் கொண்டுபோனால், சட்டென்று ஒட்டிக்கொள்ளும். நமக்கு அது வேடிக்கை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கத்தில் அது உயிர்ப் பிரச்னை.

கரிசல் பூமியின் கதை தெரியும்தானே? மழை குறைவு. வானத்தைப் பார்த்துப் பருத்தியும் கம்பும் விதைக்கிற மானாவாரி மண். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். வெள்ளாமையைக் கெடுத்த அதே வறண்ட காற்று, தீக்குச்சி காய்வதற்கு ரொம்பத் தோதாக அமைந்தது. பின்னாலேயே பட்டாசும் வந்தது. கோவில்பட்டியும் தீப்பெட்டி ஊரானது.

அந்தக் காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. இரண்டு பொருட்கள் உரசிப் பிரியும்போது உண்டாகிற நிலைமின்சாரத்தை அது கரையவிடாது. காற்றில் ஈரம் இருந்தால் பொருளின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படியும்; மின்சாரம் அதன் வழியே நழுவிவிடும். கோவில்பட்டி பஞ்சாலைக்காரர்களைக் கேளுங்கள். ஈரப்பதம் குறைந்தால் பஞ்சிழைகள் ஒன்றையொன்று தள்ளும், உருளையில் சுற்றிக்கொள்ளும், நூல் அறுந்துபோகும். அதனால்தான் மில்லுக்குள் ஈரக் காற்றைச் செலுத்துகிறார்கள்.

பஞ்சாலையில் அறுவது நூல். பட்டாசு ஆலையில்?

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். நடக்க நடக்க, உரச உரச, உடம்பில் மின்சாரம் வரவு ஏறிக்கொண்டே இருக்கிறது. செலவாக வழியில்லை. கை எதையாவது தொடும்போது மொத்தக் கணக்கும் ஒரே பொறியில் தீர்கிறது. விரலில் 'சுள்'ளென்று உணரவே சுமார் 3000 வோல்ட் வேண்டும் என்கிறார்கள். நமக்கு அது வெறும் சுள். மருந்துக் கலவைக்கு அதுவே போதுமானதாகிவிடலாம்.

அதற்காகத்தான் மருந்து அறை வாசலில் செம்பு அல்லது பித்தளைத் தகடு. அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறது. தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பருத்தி உடை உடுத்த வேண்டும். நைலான், பாலியஸ்டர் கூடாது. பிளாஸ்டிக் வாளியும் குழாயும் ஆகாது. உலோகமாக இருந்தால் ஒரு கம்பி கட்டி எர்த் செய்துவிடலாம். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. கம்பி கட்டிய இடம் மட்டும் காலியாகும். மற்ற இடமெல்லாம் திட்டுத் திட்டாக அப்படியே நிற்கும்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் சுமார் 40 பேர் மாண்டார்கள். பட்டாசு விபத்துகளுக்குக் காரணம் பல: உராய்வு, அவசரம், ரசாயனம், அளவுக்கு மேல் ஆட்கள். நிலைமின்சாரமும் அந்தப் பட்டியலில் உண்டு. வெடித்த பிறகு தடயம் வைக்காத குற்றவாளி அது.

லைசென்ஸ் உள்ள ஆலையில் தகடாவது இருக்கிறது. திருட்டுத்தனமாக வீட்டிலேயே பட்டாசு செய்கிற இடங்களை நினைத்துப் பாருங்கள். நைலான் சேலை, பிளாஸ்டிக் பேசின், பக்கத்தில் அடுப்பு, விளையாடுகிற குழந்தை. தகடு ஏது?

எப்போதாவது ஒரு பட்டாசு ஆலைக்குள் போக நேர்ந்தால், வாசல் தகட்டைக் கவனியுங்கள். தொட்டுத் தொட்டு அது பளபளவென்று தேய்ந்திருந்தால் நல்லது. தூசி படிந்திருந்தால், உள்ளே போகாதீர்கள். உள்ளே இருப்பவர்களையும் வெளியே கூப்பிடுங்கள்.