ஒலிபெருக்கிக்கு வெளியே

மணலூர்பேட்டையில் தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து தென்பெண்ணைக்கு வருகிறார். கூடவே ஒலிபெருக்கிகள். பக்திப்பாட்டு, இல்லாவிட்டால் சினிமாப்பாட்டு. மூன்றாவதாக ஒன்றை நான் கேட்டதில்லை. தமிழில் ஒரு ராக் குழு தன் பாட்டைத் தானே வெளியிடுவது எத்தனை கடினம் என்பது இந்த மணலில் நின்றால் விளங்கும்.

1970, 71இல் இந்தியக் குழுக்களின் பாட்டுகள் 'சிம்லா பீட்' இசைத்தட்டுகளாக வந்தன. சிம்லா என்பது சிகரெட்டின் பெயர். பாட்டு இங்கிலீஷில். 2010இல் டில்லியின் இண்டியன் ஓஷன், ஒத்திகை பார்த்த வீட்டின் விலாசத்தையே தலைப்பாக்கி, மாதம் ஒரு பாட்டாக இலவசமாகவே கொடுத்தது. கச்சேரி சோறு போடும் என்ற கணக்கு.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி. பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த குழு. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். பெயருக்கு மூலம் அயோத்திதாசர். மார்கழி மாதம், சபாக்கள் நிரம்பியிருக்கும் நேரம். இங்கே இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டாயின. நாளும் இடமும்தான் விளம்பரம். ரஞ்சித்தின் சினிமாப் புகழும் கூட்டத்தைச் சேர்த்தது, அதை மறைப்பானேன். சினிமாவுக்கு வெளியே பாடவும் ஒரு சினிமாக்காரர் வேண்டியிருந்தது.