குழந்தைக்கு சிடி ஸ்கேனா? கதிர்வீச்சைக் குறைத்தால் படம் கெட்டுப்போகுமா?

குழந்தைக்கு சிடி ஸ்கேன் எடுக்கணும் என்று டாக்டர் சொன்னதும், 'இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு கதிர்வீச்சு ஆகுமா?' என்ற பயம் வருவது இயல்பு. உண்மை நிலவரம் என்ன?

எவ்வளவு கதிர்வீச்சு?

மண், காற்று, விண்வெளியிலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இயற்கையாகவே வருகிறது. பெரியவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் சுமார் 0.1 மில்லிசீவர்ட்தான். தலை சிடி ஸ்கேனில் சுமார் 2, வயிற்று ஸ்கேனில் 10 வரைகூடப் போகும்.

ஒரு ஸ்கேனால் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால், வளரும் உடல் என்பதால் குழந்தைகளை கதிர்வீச்சு கூடுதலாகப் பாதிக்கும்.

குறைத்தால் என்ன ஆகும்?

கதிர்வீச்சைப் பாதியாக்கினால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது சுமார் 40% கூடும். ஆனால் படம் அழகாக இருக்கணும் என்பதில்லை. டாக்டர் தேடுவது தெரிந்தால் போதும். சிறுநீரகக் கல் குறைந்த கதிர்வீச்சிலேயே பளிச்சென்று தெரியும். கல்லீரலில் சின்னக் கட்டியைத் தேடும்போது அந்த அளவு பத்தாது.

எப்படிக் குறைக்கிறார்கள்?

* குழந்தையின் எடை, உடல் அளவுக்கு ஏற்ப மெஷினின் கிலோவோல்ட், மில்லிஆம்பியரைக் குறைப்பது
* உடல் தடிமனுக்கு ஏற்ப மெஷினே அளவைக் கூட்டிக் குறைப்பது
* தேவையான பகுதியை மட்டும் படமெடுப்பது
* புள்ளிகளை சாஃப்ட்வேர் மூலம் நீக்குவது

டிஜிட்டலில் என்ன சிக்கல்?

பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் கதிர்வீச்சு கூடினால் படம் கறுத்துவிடும்; தவறு உடனே தெரியும். டிஜிட்டலில் கூடினாலும் படம் நன்றாகவே இருக்கும். அதனால் யாரும் கவனிக்காமலே அளவு ஏறிவிடலாம். மெஷின் காட்டும் அளவை ஊழியர்கள் தொடர்ந்து பார்ப்பது அவசியம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* 'குழந்தைகளுக்கான செட்டிங்கில்தான் எடுக்கிறீங்களா?' என்று கேளுங்கள்.
* எக்ஸ்ரே இல்லாத அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* பழைய ஸ்கேன் படங்களை மறக்காமல் கொண்டு போங்கள்.
* குழந்தை அசையாமல் இருக்க உதவுங்கள். அசைந்தால் மறுபடி எடுக்க வேண்டிவரும்.

அதேநேரம், பயந்துபோய் தேவையான ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவைக் கண்டுபிடிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.